எட்டு நாட் (knot) வேகக் காற்றில் கைட் ஓட்டுபவர்கள் உதவுங்கள்

செம்பூர், முலுண்ட், டோம்பிவிலிப் பக்கம் நம் ஆட்களில் யாராவது கைட்சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்குவது) செய்கிறீர்களா? நான் கற்றுக்கொண்டது ராமேஸ்வரத்தில். அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. மும்பைக்கு வந்தபின்தான் திண்டாட்டம்.

ஞாயிறுதோறும் பாவுச்சா தக்கா படகுத்துறையில் ரோ-ரோ கப்பல் ஏறி மாண்ட்வா, அப்புறம் அலிபாக். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து கடல்காற்று வருகிறது, ஆனால் பல நாள் வேகம் 8, 9 நாட்தான் (மணிக்குச் சுமார் 15, 17 கி.மீ.). என் எடை 82 கிலோ, கைட் 12 சதுர மீட்டர், போர்டு 138 செ.மீ. போன வாரம் கைட் உச்சிக்குப் போய், ஒரு நொடி யோசித்து, பின்பக்கமாக நழுவித் தண்ணீரில் விழுந்தது. கயிறுகள் தொய்ந்துவிட்டதால் திரும்ப எழுப்பவே முடியவில்லை. சுருட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தேன். கரையில் பேல்பூரிக்காரர் "காய் ஜாலா?" (என்ன ஆச்சு?) என்றார். என்னத்தைச் சொல்ல!

17 சதுர மீட்டர் கைட்டும் அகலமான போர்டும் வாங்கலாமா, ஹைட்ரோஃபாயிலுக்கே போய்விடலாமா? ஃபாயில் என்பது போர்டுக்கு அடியில் ஒரு தண்டின் முனையில் இருக்கும் இறக்கை; அது போர்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுவதால் இழுவை குறைவு, மெல்லிய காற்றே போதும். சரி, ஆனால் அலிபாக்கில் வற்றம் வந்தால் கடலுக்குள் இருக்கும் கோட்டைக்கே நடந்து போகலாம், அவ்வளவு ஆழம் குறைவு. ஃபாயிலின் தண்டோ 70, 80 செ.மீ. கீழே நீட்டிக்கொண்டிருக்கும். தரை தட்டினால் போர்டு நின்றுவிடும், நான் நிற்க மாட்டேன்.

80 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் எதை வைத்துச் சமாளிக்கிறீர்கள்? குட்டைத் தண்டில் பழகியவர்கள் உண்டா? பழைய 15 அல்லது 17 கைட் விற்பனைக்கு இருந்தாலும் சொல்லுங்கள். எடையைக் குறை என்று மட்டும் வேண்டாம், அதை வீட்டிலேயே தினமும் சொல்கிறார்கள்.