ஐக்கியம் என்றால் ஆராதனை முடிந்து டீ குடிப்பதா?

கேள்வி: இந்தச் சபைக்கு வந்து மூன்று வருடம். "ஸ்தோத்திரம் பிரதர்" என்று கைகுலுக்குகிறார்கள், டீ பிஸ்கட் தருகிறார்கள், ஆனால் போன மாதம் டைபாய்டு வந்து இரண்டு வாரம் படுத்திருந்தபோது ஒரு போன்கூட வரவில்லை. இதுதான் ஐக்கியமா?

பதில்: பைபிளில் அப்போஸ்தலர் 2:42-இல் ஆதிச் சபையின் ஐக்கியத்தை 'அந்நியோந்நியம்' என்று சொல்வது கிரேக்கத்தில் கொய்னோனியா, அதாவது பகிர்ந்துகொள்வது. எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்துக்கும் ரோமர் 15:26-இல் பவுல் அதே சொல்லைத்தான் எழுதுகிறார். நம் பர்ஸோ காணிக்கைப் பைக்கு மட்டும்தான் திறக்கும்!

பதில்: பவுல் காலத்துக் கொரிந்து சபையிலேயே, ஒன்றுகூடிச் சாப்பிடும்போது சிலர் முந்திச் சாப்பிட, மற்றவர்கள் பசியோடு இருந்தார்கள். 1 கொரிந்தியர் 11 பாருங்கள்.

பதில்: சரி பிரதர், நீங்கள் யாருக்காவது போன் பண்ணியிருக்கிறீர்களா?

கேட்டவர்: இல்லை. பின்வரிசைப் பாட்டி ஒருவர் ஒரு மாதமாக வரவில்லை. அவர் நம்பர்கூட என்னிடம் இல்லை.