மறு: ‘இடைமதிப்புத் தேற்றம்’ – ஒரு பெயர், இரண்டு தேற்றங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

நுண்கணிதத் தேர்வுக்குத் தமிழில் படிக்கும் பட்டப்படிப்பு மாணவர்களுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், ‘இடைமதிப்புத் தேற்றம்’ என்ற பதிவை இப்போதைக்கு நிறுத்திவைக்க வேண்டும் என்பது என் கருத்து. சிலர் இப்பெயரால் போல்சானோ 1817இல் நிறுவிய தேற்றத்தைக் குறிக்கின்றனர் (தொடர்ச்சியான சார்பு, தன் இரு மதிப்புகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு மதிப்பையும் எங்கோ அடையும் என்பது அது). வேறு சிலர் லக்ராஞ்சியின் தேற்றத்தைக் குறிக்கின்றனர் (சார்பின் வகைக்கெழு, அதாவது ஒரு புள்ளியில் அது மாறும் வீதம், இடைவெளியில் எங்கோ ஓரிடத்தில் சராசரி மாறும் வீதத்துக்குச் சமமாகும் என்பது அது). இலங்கைப் பள்ளிகளில் புள்ளிவிவரம் படித்தவர்களுக்கு ‘இடை’ என்றாலே சராசரிதான் (இடை, இடையம், ஆகாரம் என்பது அவர்கள் வரிசை, சராசரி, இடைநிலை, முகடு என்பது தமிழ்நாட்டு வரிசை). ஆகவே குழப்பம் மாணவரின் கவனக்குறைவால் வருவதன்று, சொல்லிலேயே இருக்கிறது.

தேர்வறையில் இது எங்கே இடிக்கிறது என்பதற்கு, பலமுறை கேட்கப்படும் ஒரு வினாவையே எடுத்துக்கொள்ளலாம். ஓர் எண்ணின் கனத்தோடு அந்த எண்ணைக் கூட்டி 1ஐக் கழித்தால் பூச்சியம் வரும் என்ற சமன்பாட்டுக்கு ஒரே ஒரு மெய்த்தீர்வுதான் உண்டு என நிறுவ வேண்டும். இச்சார்பின் மதிப்பு 0இல் −1, 1இல் +1. சார்பு தொடர்ச்சியானது என்பதால் இடையில் எங்கோ பூச்சியத்தைக் கடந்தாக வேண்டும். இது போல்சானோவின் தேற்றம். தீர்வு உண்டு என்பதை மட்டும் சொல்கிறது. இரண்டு தீர்வுகள் இருந்திருந்தால் அவற்றுக்கு நடுவே வகைக்கெழு ஓரிடத்தில் பூச்சியமாகியிருக்கும். ஆனால் வகைக்கெழுவோ வர்க்கத்தின் மும்மடங்கோடு 1 சேர்ந்தது, எங்கும் பூச்சியமாகாதது. இது ரோலின் தேற்றம், அதாவது லக்ராஞ்சி தேற்றத்தின் சிறப்பு நிலை. அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ‘இடைமதிப்புத் தேற்றத்தின்படி’ என்று மாணவர் எழுதினால், திருத்துபவர் எதை ஏற்பது?

நிபந்தனைகளும் வேறு. முன்னதற்கு மூடிய இடைவெளியில் தொடர்ச்சி இருந்தால் போதும். பின்னதற்குத் திறந்த இடைவெளி முழுவதும் வகையிடத்தக்க தன்மையும் வேண்டும். −1 முதல் 1 வரையிலான மட்டுச் சார்புக்கு (எண்ணின் குறியை விட்டு அளவை மட்டும் தருவது) முன்னது பொருந்தும், 0இல் வகைக்கெழு இல்லாததால் பின்னது பொருந்தாது.

‘சராசரி மதிப்புத் தேற்றம்’ என்று மாற்றிவிட்டால் போதும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். பாதிச் சிக்கல் தீர்கிறது. மீதி அப்படியே இருக்கிறது. லக்ராஞ்சியின் தேற்றத்தில் சராசரியாவது சார்பின் மதிப்பு அன்று, அது மாறும் வீதம். வர்க்கச் சார்பை 0 முதல் 6 வரை பாருங்கள். சராசரி மாறுவீதம் 36ஐ 6ஆல் வகுக்கக் கிடைக்கும் 6. வகைக்கெழு அம்மதிப்பை அடைவது 3இல். சார்பின் உண்மையான சராசரி மதிப்போ, தொகையீடு 72ஐ 6ஆல் வகுக்கக் கிடைக்கும் 12. பெயரை நம்பும் மாணவர் இரு முனை மதிப்புகளையும் கூட்டிப் பாதியாக்கி 18 என்று எழுதினால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

ஆளின் பெயராலேயே அழைக்கலாம் என்ற யோசனை எளிமையானதுதான். ஆனால் அதே மாணவர் குலக் கோட்பாட்டுத் தாளில் உட்குலத்தின் வரிசை (உறுப்புகளின் எண்ணிக்கை) பற்றிய இன்னொரு லக்ராஞ்சி தேற்றத்தையும், மெய்ப்பகுப்பாய்வில் போல்சானோ–வயர்ஸ்ட்ராஸ் தேற்றத்தையும் படிக்கிறார். (ரோலின் பெயரை விட்டுவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். 1691இல் பல்லுறுப்புக் கோவைகளுக்கு மட்டும் இதை நிறுவிய அவர், நுண்கணிதத்தையே ஐயுற்று எதிர்த்தவர். அந்த நகைமுரணுக்காகவாவது பெயர் நிற்கட்டும்.)

‘இணைதொடுகோட்டுத் தேற்றம்’ என்ற பரிந்துரை எனக்குப் பிடித்திருந்தது. நாணுக்கு இணையான தொடுகோடு என்ற படம் உடனே மனத்தில் எழுகிறது, இரண்டு சார்புகளை ஒருசேர எடுத்துக்கொள்ளும் கோஷியின் பொதுவடிவத்துக்கும் அது பொருந்துகிறது. எனினும் இலங்கையில் அது ‘தொடலி’ ஆகிவிடும். வேக வரம்பு, பிழை மதிப்பீடு போன்ற கணக்குகளில் படத்தைவிட வீதமே முன்னிற்கிறது.

ஆகவே என் முன்மொழிவு இது. லக்ராஞ்சியினது ‘சராசரி மாறுவீதத் தேற்றம்’ ஆகட்டும். போல்சானோவினது ‘இடைப்பட்ட மதிப்புத் தேற்றம்’ ஆகட்டும். ‘இடைப்பட்ட’ என்பதை எந்தக் கரையிலும் சராசரி என்று யாரும் படிக்க மாட்டார்கள், ‘மதிப்பு’ வேண்டாதவர் ‘பெறுமானம்’ என்று போட்டுக்கொள்ளலாம். ‘சராசரி மதிப்புத் தேற்றம்’ தொகையீட்டுக்குரிய தேற்றத்துக்கு மட்டும் நிற்கட்டும், அங்கே அது சொல்லுக்குச் சொல் உண்மை. முதற்பெயர் நீளம் என்ற குறை உண்மைதான். இருப்பினும் விடைத்தாளில் ஒரு சொல் கூடுதலாக எழுதுவதைவிடத் தவறான தேற்றத்தைச் சுட்டுவது மாணவருக்குக் கூடுதல் இழப்பு.

‘மாறுவீதம்’ இலங்கை வழக்கோடு இசைகிறதா, ‘மாற்றவீதம்’ என்பது மேலா என்பதை அங்கே கற்பிக்கும் உறுப்பினர்கள் சொன்னால், பட்டியலில் மூன்று பதிவுகளையும் ஒன்றாகத் திருத்திவிடலாம்.