டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பேக்கேஜ் (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்பு) கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ராயபுரத்திலிருந்து:

எங்கள் பக்கத்து அச்சகங்களில் பழைய கணினியைத் திறந்தால் கோயில் மலர், தேவாலய ஆண்டு மலர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் டேம் (TAM), டேப் (TAB) என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கங்களில் கிடக்கும். 1999 தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த குறியாக்கங்கள் அவை. யூனிகோடுக்கு மாற்றினால்தான் தேட முடியும். டிஸ்கி (TSCII) என்ற இன்னொரு பழைய குறியாக்கம் என்றால் லினக்ஸில் இருக்கும் ஐகான்வ் என்ற மாற்றுக் கருவி போதும். டேமுக்கு அது உதவாது. அதற்கென ஒருவர் எழுதிய சின்ன மென்பொருளை, யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி டெபியனுக்குள் கொண்டுபோக ஆசைப்பட்டேன்.

புதிய பேக்கேஜ்கள் பரிசீலனைக்குக் காத்திருக்கும் நியூ வரிசையில்தான் மாதக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும் என்று பலரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதற்கு முந்தைய காத்திருப்புதான் கடினம். ஐ.டி.பி. (இதைப் பேக்கேஜ் செய்யப்போகிறேன் என்ற அறிவிப்பு) பதிந்து, பேக்கேஜைக் கட்டி, லிண்டியன் என்ற சரிபார்ப்புக் கருவி காட்டிய எச்சரிக்கைகளைத் தீர்த்து, மென்டார்ஸ் தளத்தில் ஏற்றி, ஆர்.எஃப்.எஸ். (ஸ்பான்சர் வேண்டும் என்ற கோரிக்கை) போட்டாயிற்று. ஆனால் ஏற்றும் உரிமையுள்ள டெபியன் டெவலப்பர் ஒருவர் நமக்காக ஏற்றித் தரும் ஸ்பான்சராக வந்தால்தான் அடுத்த அடி. தெரிந்தவர் யாரும் இல்லாத நமக்கு அந்த மௌனம் மனதை ரொம்ப வாட்டும். டெபியனின் நிரல் தளமான சால்சாவில் இயங்கும் பைத்தான் குழுவில் சேர்ந்து, அங்கே கிடந்த வேறு பேக்கேஜ்களின் சிறு வழுக்களைச் சரிசெய்யத் தொடங்கிய பிறகுதான் ஒருவர் என் பேக்கேஜைப் பார்த்தார்.

அவர் கேட்ட முதல் கேள்வி நிரலைப் பற்றியதே அல்ல. "இந்த எழுத்து மாற்று அட்டவணை யாருடையது?" மென்பொருளுக்கு ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமம் இருந்தது, அட்டவணைக் கோப்பில் மட்டும் உரிமம் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூல ஆசிரியருக்கு எழுதினேன். அவர் மகிழ்ச்சியோடு உரிமத்தைச் சேர்த்துப் புதிய பதிப்பே வெளியிட்டார்.

நியூ வரிசையில் நடப்பதும் இதே வேலைதான். டெபியன் களஞ்சியத்தைப் பராமரிக்கும் எஃப்டிபி மாஸ்டர் குழுவினர் தன்னார்வலர்கள். கோப்பு கோப்பாகத் திறந்து, காப்பிரைட் கோப்பில் நாம் எழுதியது உண்மையா என்று பார்க்கிறார்கள். உலகமெங்கும் பிரதியெடுத்துக் கொடுக்கப்போகும் ஒன்றை அப்படிப் பார்ப்பதுதான் நியாயம். வரிசை எல்லோரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது, நம் பேக்கேஜ் எத்தனை நாளாக நிற்கிறது என்பதும் தெரியும். தினமும் போய்ப் பார்க்காதீர்கள், மனசுதான் கெடும். நான் அந்த நேரத்தில் சோதனைகள் எழுதினேன், மேன் பக்கம் எனப்படும் பயன்பாட்டுக் கையேட்டைத் தமிழிலும் எழுதி முடித்தேன்.

ஏற்றுக்கொண்டதாக மடல் வந்ததும் வேலை முடிந்ததென்று இருந்துவிட வேண்டாம். எங்கள் சமயத்தில் மூலநிரலை மட்டும் இன்னொரு முறை ஏற்றினால்தான் அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங் பிரிவுக்குப் போகும். ஸ்பான்சரிடம் அதையும் முன்பே பேசி வையுங்கள்.

விம்கோ நகரிலிருந்து:

அண்ணா, என் அனுபவம் எஃப்-டிராய்ட் என்ற திறமூல ஆண்ட்ராய்டு செயலிக் களஞ்சியத்தில். காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் அக்காமாருக்காக ஒரு கணக்குச் செயலி. கிட்லாப் தளத்தில் மெர்ஜ் ரிக்வெஸ்ட் (சேர்த்துக்கொள்ளும்படி கோரிக்கை) போட்டதும் தானியங்கிச் சோதனை உடனே ஓடிவிட்டது, மனிதர் வந்து பார்க்கத்தான் வாரங்கள் ஆயின. மூலநிரலிலிருந்தே கட்டிப் பார்க்கிறார்கள். நினைவூட்டலுக்காக வைத்திருந்த கூகுளின் ஃபயர்பேஸ் சேவை, திறமூலம் அல்லாத பாகங்களைச் சார்ந்திருப்பதால் எடுக்கச் சொன்னார்கள். போனின் அலாரத்தையே பயன்படுத்தி மாற்றினேன். இப்போது நெட் இல்லாமலும் நினைவூட்டுகிறது. விடிவதற்கு முன்பே ஏலத்துக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கணும். பதிலே வராவிட்டால் நினைவூட்டி எழுதலாமா?

ராயபுரத்திலிருந்து:

ஸ்பான்சர் தேடும் கட்டத்தில் தாராளமாக எழுதுங்கள் தம்பி, ஆனால் சில வாரம் விட்டு, என்ன திருத்தியிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "என்னாச்சு?" என்று மட்டும் கேட்டால் பார்ப்பவருக்கு ஒரு உதவியும் இல்லை. நியூ வரிசையில் இருக்கும்போது நான் எழுதவில்லை. டேப் கோப்பு வைத்திருக்கும் அச்சகம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அடுத்த பதிப்பின் சோதனைக்கு மாதிரிகள் தேவைப்படுகின்றன.