டர்பனுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும் கப்பல்கள்: மென்பொருள் வாங்கினால் தீருமா?

பிளஃப்_பையன்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை. வீடு பிளஃப் மேட்டில் என்பதால் கப்பல்கள் வெளியே நிற்பது தினமும் கண்ணில் படும். 14 நாட் (மணிக்கு 26 கி.மீ. போல) வேகத்தில் ஓடி வந்து, நங்கூரம் போட்டுவிட்டு, நாலைந்து நாள் சும்மா கிடக்கின்றன. பெர்த் (கப்பல் கட்டும் இடம்) காலியாகும் நேரத்தை நடுக்கடலிலேயே சொல்லிவிட்டால் மெதுவாக வந்து எண்ணெயை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு மென்பொருள் வாங்கப் பார்க்கிறார்கள், என்னிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். நிஜமாகவே பயன் உண்டா, இல்லை இன்னொரு பாஸ்வேர்டுதானா?

இன்ஜின்ரூம்:
மிச்சம் நிஜம்தான் தம்பி. வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் இன்ஜின் தர வேண்டிய சக்தி ஏறக்குறைய 27 சதவீதம் இறங்கும். கூடுதல் நேரம் ஓடுவதைக் கணக்கில் எடுத்தாலும் அதே தூரத்துக்கு 19 சதவீதம் போல எண்ணெய் மிஞ்சும். சர்வதேச கடல்சார் அமைப்பின் திட்டத்தில் 2022இல் வந்த ஆய்வைப் பாருங்கள்: கன்டெய்னர் கப்பல்கள் கடைசி 24 மணி நேரம் மட்டும் வேகத்தைச் சரிசெய்தாலே சராசரியாக 6 சதவீதம், முழுப் பயணத்துக்கும் செய்தால் 14. அப்புறம், நங்கூரத்தில் கிடந்தாலும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டி அடுத்த பயணத்திலும் எண்ணெயைத் தின்னும். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பழைய_கேப்டன்:
இன்ஜினியர் சொல்வது சரி, ஆனால் முதலில் வந்தவனுக்கு முதல் இடம் என்றால் எந்தக் கேப்டன் மெதுவாக வருவான்? பல்க் கப்பலில் (நிலக்கரி, தானியம் மாதிரி மொத்தச் சரக்கு ஏற்றுவது) வந்து சேர்ந்து 'ரெடி' நோட்டீஸ் கொடுத்தால்தான் சரக்கு ஏற்றி இறக்கத் தரும் நேரத்தின் கடிகாரம் ஓடும், அந்த நேரம் தாண்டினால் கிடைக்கும் டெமரேஜ் பணமும் அதை வைத்துத்தான். ஒப்பந்தத்தில் தாமதமின்றி வர வேண்டும் என்று எழுதியிருக்கும்போது நானாக வேகத்தைக் குறைத்தால் வழக்கு என் முதலாளி தலையில். இதற்கென்றே கப்பல் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான பிம்கோ 2021இல் தனி ஷரத்து வெளியிட்டது. அது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் மென்பொருள் வெறும் பொம்மை. லாஸ் ஏஞ்சல்ஸில் 2021 நவம்பரில் வரிசை முறையையே மாற்றினார்கள், முந்தைய துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய நேரத்தை வைத்து இடம் கொடுத்தார்கள். ஓடி வருவதில் லாபமில்லை என்று ஆனதும் யாரும் ஓடி வரவில்லை.

கிரேன்_நிழல்:
டெர்மினலில் இருந்து சொல்கிறேன். இப்போது பெர்த்தில் கட்டியிருக்கும் கப்பல் எப்போது கிளம்பும்? எல்லாம் அந்த ஒரு நேரத்தில்தான் இருக்கிறது. இங்கே காற்று வலுத்தால் கிரேன் நின்றுவிடும், கப்பலை உள்ளே வழிநடத்தும் பைலட்டை ஏற்றிப் போகும் ஹெலிகாப்டர், இழுவைப் படகான டக், எண்ணெய் நிரப்பும் பங்கர் படகு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வாட்ஸ்அப் குழு. எல்லா நேரமும் ஒரே திரையில் தெரிந்தால் அதுவே பெரிய உதவி. ஆனால் 2023 நவம்பர் மாதிரி 60க்கு மேற்பட்ட கப்பல்கள் வெளியே நின்றால் எந்தத் திரையும் கிரேனைப் பழுது பார்க்காது ஐயா.

பிளஃப்_பையன்:
நன்றி அண்ணன்மார்களே. கடந்த ஆறு மாதத்தில் நாங்கள் சொன்ன கிளம்பும் நேரத்துக்கும் நிஜமாகக் கிளம்பிய நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று முதலில் எடுத்துப் பார்க்கிறேன். பார்க்கவே பயமாகத்தான் இருக்கிறது.