ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு: கிறிஸ்துமஸா, பிப்ரவரியா, ஈஸ்டரா? உதவி தேவை

லீட்ஸ் நெல்லையான்:

எல்லாருக்கும் வணக்கம். 2027-ல குடும்பத்தோட ஒரு வாரம் ஆல்ப்ஸுக்குப் பனிச்சறுக்குப் போகணும். எந்த வாரம்னுதான் பிடிபடல. நான், மனைவி, 11 வயசு மகள், 7 வயசுப் பையன். யாருக்கும் சறுக்கத் தெரியாது. அப்போ ஊர்ல இருந்து அம்மாவும் வந்திருப்பாங்க. அவங்களுக்கு 68 வயசு, பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்க. சறுக்கப் போறதில்ல, ஆனா பனியில நடக்கணும்னு ரொம்ப ஆசை.

போன கிறிஸ்துமஸுக்கு ஆஸ்திரியாவுல 800 மீட்டர் உயரத்துல இருக்கிற ஒரு ஊருக்குப் போனோம். நடுக்குளிர்காலம், பனிக்குப் பஞ்சமே இருக்காதுன்னு டிராவல் ஏஜென்ட் அடிச்சுச் சொன்னார். போய் இறங்கினா மழை. சரிவு முழுக்கப் பச்சைப் புல், நடுவுல மெஷின் வச்சுப் போட்ட ஒத்தைத் தடம், அதுல மொத்தக் கூட்டமும். பையன் பயந்துபோய் ரெண்டாம் நாளே பூட்ஸைக் கழட்டிட்டான். லிஃப்ட் ஓடினதால பணம் திரும்பக் கிடையாதுன்னு கைவிரிச்சுட்டாங்க.

பள்ளிக்கூட லீவுலதான் போக முடியும்: கிறிஸ்துமஸ், பிப்ரவரி நடுவுல ஒரு வாரம், ஈஸ்டர். இதுல பனி நிச்சயமா இருக்கிறது எது? ஈஸ்டருக்குள்ள எல்லாம் உருகிடும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. பையனுக்கு இன்னொரு தடவை அப்படி ஆகிடக் கூடாது. அதான் இவ்வளவு யோசிக்கிறேன்.

பெர்ன் அக்கா:

தம்பி, கலண்டரை ஒருக்கா மூடி வைத்துவிட்டு முதலில் உயரத்தைப் பாருங்கோ. 800 மீட்டரில் டிசம்பர் கடைசி என்பது எப்பவுமே சந்தேகம்தான். நிலம் இன்னும் முழுசாய்க் குளிர்ந்திராது. மழை எந்த உயரத்தில் ஸ்னோவாய் மாறும் என்பது நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒரு வெப்பக் காற்று வந்தால் விழுந்ததும் போய்விடும். மெஷின் ஸ்னோ போடுவதற்கும் காற்று பூச்சியத்துக்குக் கீழே இருக்க வேணும். 2023 ஜனவரி தொடக்கத்தில் இங்கே சுவிஸில் அடெல்போடனில் பனிச்சறுக்கு உலகக் கோப்பைப் போட்டியே நடந்தது. ஓட்டப் பாதை மட்டும் வெள்ளை, இரண்டு பக்கமும் புல். அடெல்போடன் 1,350 மீட்டரில் இருக்கிற ஊர், உங்கள் ஊரைவிட எவ்வளவோ உயரம்.

2,000 மீட்டருக்கு மேலே கணக்கே வேறு. அங்கே நவம்பரில் இருந்து விழுகிறது ஒன்றுக்கு மேல் ஒன்றாய்ச் சேர்ந்துகொண்டே போகும். ஸ்னோ ஆகக் கூடுதலாய்க் கிடக்கிறது மார்ச், ஏப்ரலில்தான், டிசம்பரில் இல்லை. கீழே பெர்னில் மரங்கள் துளிர்க்கிற நாளிலே மேலே வழிகாட்டிக் கம்பங்கள் பாதி புதைந்து நிற்கும்.

உங்கள் ஆபீஸ் ஆக்கள் சொல்வதும் முழுப் பிழை இல்லை. ஈஸ்டர் ஒவ்வொரு வருடமும் இடம் மாறுகிறதுதானே. 2025-ல் ஏப்ரல் 20-க்கு வந்தது. அந்த நேரம் தாழ்வான ஊர்கள் பலதிலே லிஃப்டே மூடியிருக்கும். 2027-ல் மார்ச் 28. வித்தியாசம் மூன்று கிழமைக்கு மேலே. 2027-க்கு என்றால் நான் யோசிக்காமல் ஈஸ்டர் என்றுதான் சொல்லுவன். ஆனால் உயரமான ஊர் எடுக்க வேணும்.

கோவை மியூனிக்:

அக்கா சொல்றது நியாயமா இருக்குங்க, ஆனா பிப்ரவரியை அவ்வளவு சீக்கிரம் தள்ள வேண்டாம். உண்மையிலேயே நல்ல வாரம் ஜனவரி 6-க்கு அப்புறம் தொடங்கி பிப்ரவரி முதல் வாரம் வரைக்கும்தான். பனி உலர்ந்து மாவு மாதிரி இருக்கும், வரிசை இருக்காது, அறை வாடகை இறங்கிடும். பள்ளிக்கூடம் இருக்கிறவங்களுக்கு அது கொடுத்து வைக்கல. அதுக்கு அடுத்து பனி நிச்சயம்னா பிப்ரவரி நடு. 1,000 மீட்டர் உயர ஊர்லகூட அப்போ பெரும்பாலும் பனி இருக்கும், அம்மாவை ரொம்ப உயரத்துக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதில்ல.

ஒண்ணு மட்டும் கவனிங்க. பிப்ரவரியில பிரான்ஸ் வேண்டாம். அங்க நாட்டை மூணு மண்டலமாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வாரம் குளிர்கால லீவு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஏறக்குறைய ஒரு மாசம் ஓடும். இங்கிலாந்து லீவும் அதுக்குள்ளதான் விழும். சனிக்கிழமை எல்லா அறையும் ஆள் மாறும், மலை ஊர்களுக்குப் போற வழியில ஆல்பெர்வில்லில இருந்து மூத்தியே வரைக்கும் கார் நகராது. எங்க பவேரியா லீவு கார்னிவல் வாரத்துல. 2027-ல அது பிப்ரவரி 9-ஐ ஒட்டி வருது. உங்க லீவு அதுக்கு அடுத்த வாரம்னா ஆஸ்திரியாவுல ஜெர்மன் கூட்டம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். ஆனா விலை குறையாதுங்க, அதை மனசுல வச்சுக்குங்க.

லீட்ஸ் நெல்லையான்:

ரெண்டு பேருக்கும் நன்றி. பிப்ரவரி விலை பாத்தேன், அஞ்சு பேருக்குக் கட்டுப்படியாகாது. அதனால ஈஸ்டர் பக்கம்தான் சாயுறேன். மூணு சந்தேகம். உயரமான ஊர்னா அம்மாவுக்கு மூச்சு வாங்குமா? ரெண்டாவது, வசந்தகாலப் பனி மத்தியானம் கூழா ஆகிடும்ங்கிறாங்க, புதுசாக் கத்துக்கிற பிள்ளைங்களுக்கு அது சரிவருமா? மூணாவது, வெயில் அடிச்சா பனிச்சரிவு வருமே?

இன்ஸ்ப்ரக் மாணவன்:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கவும். பனிதான் நிச்சயமா வேணும்னா கிறிஸ்துமஸுக்கே இங்க ஆஸ்திரியாவுல ஹின்டர்டூக்ஸ் போகலாமே? பனியாறு இருக்கு, வருஷம் முழுக்கச் சறுக்கலாம். சுவிஸ்ல இருக்கிற சேர்மாட்டும் அப்படித்தான்.

கோவை மியூனிக்:

சறுக்கத் தெரிஞ்சவங்களுக்குச் சரிங்க. ஆனா டிசம்பர்ல பனியாத்து மேல காத்து அடிச்சா முகம் மரத்துப்போகும், காத்து கூடினா மேல் லிஃப்டை நிறுத்திடுவாங்க. சேர்மாட்டோட உச்சி நிலையம் 3,883 மீட்டர். 7 வயசுப் பையனும் 68 வயசு அம்மாவும் போற பயணத்துக்கு அது முதல் இடம் இல்ல. அதுவும் ஏற்கெனவே பயந்த பையன்.

பெர்ன் அக்கா:

நானும் அதைத்தான் சொல்ல வந்தன். சரி தம்பி, உங்கள் மூன்று கேள்வி.

அம்மாவுக்கு: படுக்கிற உயரமும் சறுக்குகிற உயரமும் ஒன்றாய் இருக்க வேணும் என்றில்லை. பிரான்சில் வால் தொரான்ஸ் போனால் படுக்கையே 2,300 மீட்டரில், அதை நான் சொல்லமாட்டன். இங்கே சுவிஸில் சாஸ்-ஃபே பாருங்கோ. ஊர் 1,800 மீட்டர், லிஃப்ட் 3,500 மீட்டர் வரைக்கும் போகும். ஊருக்குள் பெட்ரோல் கார் ஓடாது, அம்மா பயமில்லாமல் தெருவிலேயே நடக்கலாம். நடக்கிறவைக்கென்று உழுது அமத்தின பாதைகளும் இருக்கு. பிள்ளைகள் பழகுகிற மெத்துச் சரிவு ஊர் விளிம்பிலேயே இருக்கிறதால் அம்மா கதிரை போட்டு இருந்து பார்க்கலாம். போக முதல் அவவின் டொக்டரிடம் ஒரு சொல் கேளுங்கோ. முதல் இரண்டு நாள் மேலே ஏற்றாமல் ஊரிலேயே வைத்திருங்கோ, தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்கோ. அந்த ஊரை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்லுறன். சரிவுகள் வடக்குப் பக்கம் பார்த்தவை, சுற்றிவர 4,000 மீட்டர் மலைகள். ஜனவரியில் வெயில் குறைந்து எலும்புக்குள் குளிரும். அதே நிழல்தான் மார்ச் கடைசியில் ஸ்னோவைக் காப்பாற்றும்.

கூழ்ப் பனிக்கு: அது உண்மை, ஆனால் நேரம் பார்த்தால் பிரச்சினை இல்லை. இரவில் உறையும், பகலில் இளகும், ஒவ்வொரு நாளும் இதேதான். விடிய எட்டரைக்கு லிஃப்ட் திறக்கிறபோது ரட்ராக் (ஸ்னோவை அமத்திச் சமப்படுத்துகிற மெஷின்) போட்ட வரிகள் அப்படியே கல்லாய் இறுகிக் கிடக்கும். காலில் கரகர என்று சத்தம் வரும், புதுசாய்ப் பழகுகிறவைக்கு அது கூடாது. பத்து மணிபோல மேல் இரண்டு விரல் ஆழம் மட்டும் இளகும். அந்த இரண்டு மணித்தியாலம்தான் பிள்ளைகளுக்குச் சொர்க்கம். விழுந்தாலும் நோகாது, திரும்பினால் ஸ்கீ பிடிக்கும். ஒன்றரைக்குப் பிறகு கனத்துப்போய்க் காலை இழுக்கும், முழங்கால் திருகுப்படுவது அப்பதான். அதோடு நிறுத்திவிட்டுச் சறுக்குவண்டியை எடுத்துக்கொண்டு அம்மாவோடு போங்கோ. மார்ச் 28 மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுகிற நாள். அதனால் மணிக்கூட்டுப்படி பார்த்தால் ஸ்னோ இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் இளகும். வகுப்பு கொஞ்சம் பிந்தித் தொடங்கினால் உங்களுக்கு நல்லது.

பனிச்சரிவுக்கு: அடையாளம் போட்டுத் திறந்து வைத்திருக்கிற பாதைக்குள் நின்றால் பயப்பட வேண்டாம். ஆபத்து இருந்தால் பொறுப்பானவர்கள் மூடிவிடுவினம். டாவோஸில் இருக்கிற எஸ்.எல்.எஃப். என்கிற பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் நாளாந்தம் 1 தொடக்கம் 5 வரை ஆபத்து நிலை சொல்லும். கயிறு கட்டியிருந்தால் அதற்கு அங்காலே ஒரு அடியும் வைக்கக் கூடாது. வேறு ஆக்களின் சுவடு தெரியுது என்று போகிறவையும் இருக்கினம், பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லி வையுங்கோ.

லீட்ஸ் நெல்லையான்:

அக்கா, இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதில்ல. மனைவிகிட்டயும் படிச்சுக் காட்டினேன், ஈஸ்டர்னு முடிவாயிடுச்சு. மார்ச் 27 சனிக்கிழமை போய் ஏப்ரல் 3 திரும்புறதா, இல்ல ஏப்ரல் 3-ல இருந்து 10 வரைக்குமா?

பெர்ன் அக்கா:

27. ஒரு கிழமை முந்தினால் கீழ்ச் சரிவில் அவ்வளவு நல்லது, உங்கள் பிள்ளைகள் நிற்கப்போவது அங்கேதான். பெரிய வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் இங்கே விடுமுறை, அந்த நாட்களில் சுவிஸ் சனமும் மேலே வரும். திங்கள் பின்னேரத்தோடு அரைவாசிப் பேர் இறங்கிவிடுவினம். சிறுவர் வகுப்பை இப்பவே பதிந்துவிடுங்கோ. ஜெனிவாவில் இறங்கினால் விஸ்ப் வரைக்கும் ரயில், அங்கிருந்து மஞ்சள் தபால் பஸ் ஊர் வாசலில் விடும்.

வெயிலை மட்டும் லேசாய் எடுக்க வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் பத்து வீதம் மட்டில் கூடும், புது ஸ்னோ அதில் 80 வீதம் வரைக்கும் திருப்பி முகத்தில் அடிக்கும். நாடிக்குக் கீழேயும் மூக்குக்குக் கீழேயும் கிரீம் பூசுங்கோ. அம்மாவுக்கும் நல்ல கறுப்புக் கண்ணாடி வேணும். பிள்ளைகளுக்குக் கையுறை இரண்டு சோடி, ஈரப் பனியில் ஒன்று மத்தியானத்துக்குள் ஊறிவிடும்.

கோவை மியூனிக்:

நான் பிப்ரவரி கட்சி, ஆனா இந்தத் தேதிக்கும் இந்த ஊருக்கும் எனக்கு மறுப்பு இல்லங்க. இன்சூரன்ஸ் பத்தி மட்டும் சொல்லிடறேன். உங்க ஜி.எச்.ஐ.சி. அட்டை (வெளிநாட்டு வைத்தியத்துக்குப் பிரிட்டன்ல கொடுக்கிறது) ஆஸ்பத்திரிக்கு உதவும், மலையில இருந்து தூக்கிட்டு வர்ற செலவுக்கு உதவாது. குளிர்கால விளையாட்டுக்குன்னு தனியா பாலிசி எடுங்க. பனி இல்லாம தடம் மூடினா ஈடு தர்ற பிரிவு பல பாலிசிகள்ல இருக்கு. அதுல ஊர் 1,000 மீட்டருக்கு மேல இருக்கணும், டிசம்பர்ல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும்தான் செல்லும்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. போன தடவை போன 800 மீட்டர் ஊருக்கு அது இருந்திருந்தாலும் பணம் வந்திருக்காது. இப்ப நீங்க போற இடமும் தேதியும் ரெண்டுக்குள்ளயும் வருது. அம்மாவோட பிரஷரை மறைக்காம எழுதிக் கொடுங்க. முன்பதிவு பண்ற அன்னிக்கே பாலிசியையும் எடுத்துடுங்க, கடைசி வாரம் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.

லீட்ஸ் நெல்லையான்:

பாலிசியை இன்னிக்கே பாக்குறேன். பையன் ஹெல்மெட் அங்க வாடகைக்குக் கிடைக்குமா, இங்கேயே வாங்கிடவா?

பெர்ன் அக்கா:

வாடகைக்கு எடுங்கோ, ஸ்கீயும் சப்பாத்தும் எடுக்கிற கடையிலேயே கிடைக்கும். சப்பாத்துப் போட்டுப் பார்க்கிறபோது பொறுமையாய் நில்லுங்கோ. ஒரு சோடி மெல்லிய நீளக் காலுறை போதும், இரண்டு போட்டால் இறுக்கிக் கால் இன்னும் குளிரும். நிமிர்ந்து நிற்கிறபோது பெருவிரல் முன்பக்கம் லேசாய்த் தொட வேணும், முழங்காலை மடிக்கிறபோது விடுபட வேணும். நோகுது என்று பையன் சொன்னால் பழகச் சரிவரும் என்று விடாமல் உடனே மாற்றுங்கோ. போன முறை அவன் கழட்டினதுக்கு அந்தச் சப்பாத்தும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம், அவனிடம் ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.