வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்: மறக்க முடியாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

பாம்பன் கணக்கர்:
2024 நவம்பர் 20. ராமேஸ்வரத்தில் 41 சென்டிமீட்டர் கொட்டிய அந்த நாளை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தூத்துக்குடி அலுவலகத்தில் இருக்கும் என் கணினியை, தொலைவிலுள்ள கணினியின் திரையை வீட்டிலிருந்தே இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பில் திறந்து, இறால் உரிக்கும் பெண்களின் வாரக் கூலியை ஏற்றிக்கொண்டிருந்தேன். கடைசிப் பட்டியலைச் சேமிக்க அழுத்திய நொடியில் திரை அப்படியே உறைந்துவிட்டது. வீட்டு இணையம் வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான பாதையான விபிஎன் போய்விட்டது. கூலி ஏறியதா, இல்லையா? மறுபடி போட்டால் இரட்டிப்பாகிவிடுமோ? அந்தப் பணத்தை நம்பிக் கடையில் அரிசிக்குக் கடன் சொல்லியிருப்பார்கள். விடியும்வரை கண் மூடவில்லை. காலையில் லைன் வந்து உள்ளே நுழைந்தால், பட்டியல் பத்திரமாக இருக்கிறது. கர்சர் அடுத்த வரியில் துடித்துக்கொண்டு நிற்கிறது. அறுந்தது என் திரைக்கு வரும் வழி மட்டும்தான், அங்கே கணினி தன் வேலையை முடித்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றே யாராவது இதைச் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கீழக்கரை வாசகி:
எனக்கு லைன் அறுபடவே இல்லை, அதுதான் கொடுமை. விபிஎன் 'இணைக்கப்பட்டது' என்கிறது, ஆனால் சென்னை அலுவலக சர்வர் மட்டும் திறக்கவில்லை. உதவிப் பிரிவில் கேட்கும்போதெல்லாம் "உங்கள் ஊர் இன்டர்நெட் சரியில்லை மேடம்" என்ற ஒரே பதில். ஒருநாள் சர்வரின் எண் முகவரியை பிரவுசரில் அப்படியே தட்டினேன். வந்து நின்றது எங்கள் வீட்டு வாசல் கேமரா! வாப்பா ளுஹர் தொழுதுவிட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் விளங்கியது. வீட்டு ரவுட்டர் கருவிகளுக்குக் கொடுக்கும் எண் முகவரிகளும் 192.168.1 என்று தொடங்கும் வரிசை, அலுவலகமும் அதே வரிசை. கணினி சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடியிருக்கிறது. ரவுட்டரின் வரிசையை 192.168.50 என்று மாற்றினேன், உடனே சர்வர் திறந்தது. ஊர் மேல் பழி போட்டவர்கள் அந்த எண்ணை ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

தங்கச்சிமடம்:
பாம்பன்காரர் சொல்வதை எல்லோரும் அப்படியே நம்பிவிட வேண்டாம். லைன் போனாலும் அங்கே வேலை நடக்கும் என்பது எல்லா அலுவலகத்துக்கும் பொருந்தாது. துண்டிக்கப்பட்டவரை இத்தனை நிமிடத்துக்குப் பிறகு வெளியேற்றிவிடு என்று நிர்வாகம் கெடு வைக்க முடியும். எங்கள் அலுவலகத்தில் வைத்திருக்கிறார்கள். தனுஷ்கோடிக்கு உறவினர்களோடு போனபோது, போன் ஹாட்ஸ்பாட்டில் ஓர் அறிக்கையைத் தட்டிக்கொண்டிருந்தேன். போன் இலங்கை டவருக்குத் தாவியது, டேட்டா நின்றது. திரும்பி வந்து பார்த்தால் சேமிக்காத பக்கங்கள் எதுவும் இல்லை. உங்களுக்கு நடந்தது உங்கள் அலுவலகத்தின் ஏற்பாடு, அதை விதியாக எழுதாதீர்கள்.

மண்டபம், ஓய்வு பெற்றவன்:
மகளுக்கு விபிஎன் அடிக்கடி விட்டுவிட்டுப் போனது. ரவுட்டரில் சொருகியிருந்த கேபிளை உருவிப் பார்த்தேன். செம்புப் பற்களில் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்றின் வேலை. முனையை மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. விபிஎன் தொல்லை என்று சொல்லி, அலுவலக ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை, அதாவது அந்த இணைப்பு நுழையும் வாசலை, நேராக வெளியே திறந்துவிடும் பழக்கம் சிறு நிறுவனங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். திறந்த போர்ட்டைத் தேடி இரவும் பகலும் உலகமெங்கும் நிரல்கள் அலைகின்றன. ஒன்று கண்டுவிட்டால் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே வந்தவன் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பான். விபிஎன் வழியாகவே போங்கள், கடவுச்சொல்லோடு போனில் வரும் எண்ணையும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் கேட்டு வாங்குங்கள். போன் செயலி காட்டும் அந்த ஆறு இலக்க எண் பெரும்பாலும் முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும், நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. ஆகவே போனின் கடிகாரம் தானாகச் சரிசெய்துகொள்ளும்படி இருக்கட்டும். கடிகாரம் சில நிமிடங்கள் பிசகினாலும் சரியான எண்ணையே தவறு என்று சொல்லும். பாம்பன் தம்பி, பணம் சம்பந்தப்பட்ட வேலை செய்கிறீர்கள். கரண்ட் போனாலும் ஓடும்படி ரவுட்டருக்கு ஒரு சிறு யுபிஎஸ் வாங்கி வையுங்கள்.

கீழக்கரை வாசகி:
ஐயா, யுபிஎஸ் வீட்டில் மட்டும் இருந்தால் போதுமா? தெருமுனையில் இருக்கும் இன்டர்நெட் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டுமே. எங்கள் தெருவில் கரண்ட் போனால் லைனும் சேர்ந்தே போகிறது.

பாம்பன் கணக்கர்:
தங்கச்சிமடத்தாரே, எங்கள் அலுவலகத்தில் அந்தக் கெடு எத்தனை நிமிடம் என்று திங்கட்கிழமை கேட்டு எழுதுகிறேன். இதுவரை யாரும் சொன்னதில்லை.