ஜாவால ஸ்டாக் எழுதினேன், ஒண்ணுமே போடாத ஸ்டாக் காலி இல்லங்குது, உதவி பண்ணுங்க

கேள்வி:
வணக்கம், இங்க சிங்கப்பூர்ல பாலிடெக்னிக் முதல் வருஷம் படிக்கிறேன், அசைன்மென்ட்டுக்கு ஜாவால நானே ஸ்டாக் கிளாஸ் எழுதணும், அதாவது கடைசியா போட்டத (புஷ்) முதல்ல எடுக்கற (பாப்) அடுக்கு. உள்ள ஒரு ஸ்ட்ரிங் அரே, மேல எந்த எடம்னு சொல்ல டாப்னு ஒரு இன்ட், ஆரம்பத்துல -1, அதாவது காலி. ஒரே ஸ்டாக்னா புஷ், பாப் எல்லாம் சரியா வருது, அன்டூ, ரீடூன்னு ரெண்டு போட்டதும்தான் பிரச்சனை, அன்டூல மூணு புஷ் பண்ணிட்டு ரீடூ காலியான்னு கேட்டா ஃபால்ஸ்ங்குது, அதுல நான் ஒண்ணுமே போடல, பாப் பண்ணா நல்னு (null, ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்) பிரிண்ட் ஆகுது. ரெண்டு நாளா தேடறேன், வெள்ளிக்கிழமை சப்மிட் பண்ணணும்.

பதில் 1:
டாப்புக்கு முன்னாடி ஸ்டேட்டிக்னு இருக்கா தம்பி?

கேட்டவர்:
ஆமாண்ணா. மெயின்லேர்ந்து டாப்ப நேரா பிரிண்ட் பண்ணப்ப எரர் வந்துச்சு, எடிட்டரே ஸ்டேட்டிக் போடவான்னு கேட்டுச்சு, க்ளிக் பண்ணிட்டேன்.

பதில் 1:
அதான் விஷயம். ஸ்டேட்டிக்னா எத்தனை ஆப்ஜெக்ட் போட்டாலும் கிளாஸுக்கே ஒரே டாப்தான், அரே மட்டும் தனித்தனி. அன்டூல மூணு போட்டதும் டாப் 2 ஆயிடுச்சு, ரீடூவும் அதே 2-ஐப் பாத்து தன்னோட அரேல அந்த எடத்த எடுக்குது, அங்க ஒண்ணும் இல்ல, அதான் நல். நம்ம ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடைங்கள்ல ட்ரே திருப்பி வைக்க ஹலாலுக்கு தனி ரேக், மத்ததுக்கு தனி ரேக் இருக்குல்ல, ரெண்டுக்கும் சேத்து ஒரே கணக்கு எழுதி மாட்டினா ஹலால் பக்கம் மூணு வச்சதுக்கு அந்தப் பக்கமும் மூணுன்னு காட்டும், அதே கதைதான் இது. ஸ்டேட்டிக்க எடு, மெயின்ல டாப்ப நேரா தொடாத, டாப் + 1 ரிட்டர்ன் பண்ற மாதிரி சைஸ்னு ஒரு மெத்தட் எழுதி அன்டூ.சைஸ்() ன்னு ஆப்ஜெக்ட் வழியா கூப்பிடு.

பதில் 2:
புஷ்ல அரே நிறைஞ்சிருச்சான்னும் பாத்துக்கப்பா. அப்புறம் பாப் பண்ண எடத்துல நல் வச்சிரு, இல்லாட்டி எடுத்த ஆப்ஜெக்ட்ட அரே பிடிச்சுட்டே இருக்கும், தேவையில்லாத மெமரிய காலி பண்ற கார்பேஜ் கலெக்டர் தூக்காது. அசைன்மென்ட் முடிஞ்சு சொந்த ப்ராஜெக்ட்னா ஜாவாவோட அரேடெக் (ArrayDeque) கிளாஸ எடுத்துக்க, ஜாவால ரெடிமேடா இருக்கற பழைய ஸ்டாக் வெக்டர்ங்கற லிஸ்ட் கிளாஸ எக்ஸ்டெண்ட் பண்ணது, அதுல நடுவுல கூட செருகலாம், எனக்கு அது ஸ்டாக்காவே தெரியல.

கேட்டவர்:
ஸ்டேட்டிக்க எடுத்துட்டேன், ரீடூ இப்ப ட்ரூன்னு வருது, ரொம்ப நன்றிண்ணா! காலியா இருக்கப்ப பாப் பண்ணா நல் ரிட்டர்ன் பண்றதா, எக்ஸப்ஷன் (எரர்) த்ரோ பண்றதா?

பதில் 2:
எக்ஸப்ஷன். நல் குடுத்தா தப்பு எங்கன்னு தெரியாம இன்னும் ரெண்டு நாள் தேடுவ.